இடப்பக்கத்துக் குழந்தை

குழந்தை வீறிடுவது தரணிக்குக் கேட்டது. எங்கிருந்து என்றுதான் பிடிபடவில்லை. பாயின் வலப்பக்கம் தடவிப் பார்த்தாள். மாமியார் பழனாயி ஓடிவந்து, தரணியின் இடது தொடையை ஒட்டிக் கிடந்த குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"பக்கத்துல கெடக்கற புள்ளை தெரியலையாமா. கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. அப்பறம் இது நடிப்பா, பைத்தியமா?"

பிரசவமாகி இருபதாம் நாள் தரணியின் மூளையில் ரத்தம் உறைந்து அடைத்தது. இரண்டே மாதத்தில் கைகால் தேறிவிட்டன. ஆனால் இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. தலையில் ஒரு பாதி சீவாமலே கிடந்தது. குழந்தையை அவளிடம் கொடுப்பதை நிறுத்தினார்கள். நோவுக்காரியைப் பிறந்த வீட்டில் விட்டுவிடுவதுதான் முறை என்று உறவுக்காரர்கள் பேசத் தொடங்கினார்கள். வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் அவள் புருஷன் தங்கதுரைக்கு அதற்கொரு காகிதம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மறுநாள் ஆஸ்பத்திரியில் அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி அறைக்கு அவளைக் கூட்டி வந்தான். குழந்தையோடு பழனாயியும் வந்தாள்.

தெரபிஸ்ட் மெஹ்ஜபின் இரு கைகளையும் விரித்து, இடது பக்கம் ஒரு விரலை அசைத்தாள். தரணி கண்டுகொண்டாள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசைத்தபோது, "வலது மட்டுந்தானுங்க" என்றாள். பிறகு சின்னச் சின்னக் கோடுகள் இறைந்த தாளொன்று மேசைக்கு வந்தது.

"ஒவ்வொரு கோட்டையும் குறுக்கால அடிங்க. மெதுவாப் பண்ணுங்க."

ஒன்றுவிடாமல் அடித்த திருப்தியோடு தரணி பென்சிலை வைத்தாள். மெஹ்ஜபின் அவள் விரலைப் பிடித்துத் தாளின் இடது ஓரத்தில் வைத்தாள். "இங்கிருந்து பாருங்க."

தொடாத கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. நேற்று குழந்தை கிடந்ததும் இந்தப் பக்கம்தான்.

"கண்ணு பாக்குதுங்க. மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்கறதில்லை. இது நடிப்புமில்லை, பைத்தியமுமில்லை," என்ற மெஹ்ஜபின் பழனாயியிடம் கேட்டாள்: "தட்டுல இடப்பக்கத்துச் சோத்தை அப்பிடியே உட்டுட்டு எந்திரிக்கறாங்களா?"

பழனாயி தலையைக் குனிந்துகொண்டாள். தரணிக்குப் புரிந்தது. மாமனார் கிட்டுசாமி வாதத்தில் கிடந்து போய்ச் சேர்ந்தவர். பாதித் தட்டோடு அவர் கையை உதறும்போதெல்லாம் பழனாயி பேசாமல் தட்டைத் திருப்பி, மீந்த சோற்றை வலப்பக்கம் வைப்பாள். எட்டு வருஷம் அப்படிச் சோறு போட்டவள்.

"இவளால புள்ளை வளக்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க மேடம்," என்றான் தங்கதுரை.

"அப்பிடி எழுத முடியாதுங்க. பழக்குனா தேறும். அதுவரைக்கும் தரையில உக்காந்து, கூட ஒருத்தர் இருக்க, பாப்பாவை வலப்பக்கம் வாங்கிக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்ததும் தங்கதுரை சொன்னான்: "தாராபுரத்துக்கு வண்டி சொல்லிட்டேன். நீ உங்கம்மா ஊட்டுல இரு. பாப்பா இங்கயே இருக்கட்டும்."

தரணி மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"மாமாவுக்கும் இதே நோவுதானுங்க அத்தை. அவரை எந்த ஊட்டுக்கு அனுப்புனீங்க?"

பழனாயி சமாதானம் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்:

"அவரு ஆம்பளை, கண்ணு."

இந்த மூன்று மாதத்தில் அவளைக் கண்ணு என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

தரணி மறுபடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்குங்க வரோணும்?"

"பத்து மணிக்கு வாங்க."

சுவரில் முதுகைச் சாய்த்து வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள். கைகளை நீட்டினாள்.

"பாப்பாவைக் குடுங்க அத்தை. வலப்பக்கமாக் குடுங்க."

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கதுரை செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். தாராபுரத்து வண்டி அன்றைக்கு ஆளில்லாமல் திரும்பிப் போனது.