கிருமிக்கும் வாய்க்கரிசி

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் அக்கராயன் குளம் வற்றிப்போகட்டும்.

ஸ்கந்தபுரத்தில் பொன்னையாவின் செத்தவீடு. சடங்குக்குச் சுண்ணம் இடித்து முடிந்த உரலில் அவர் மனைவி ஜெகதீஸ்வரி ஒன்பது மஞ்சள் மருந்துக் குளிசைகளைப் போட்டு, உலக்கையை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"என்னம்மா செய்யிறீங்கள்?" என்று மகள் தர்மிளா ஓடிவந்தாள்.

"கொப்பரைத் திண்டவங்களை நான் சும்மா விடமாட்டன்."

பொன்னையாவைத் தின்றவை அமீபாக்கள். வயிற்றுளைச்சலாகத் தொடங்கி, ஈரலில் கட்டி வைத்து, மருந்து தொடங்கிய எட்டாம் நாள் ஆசுபத்திரியில் ஆளை முடித்துவிட்டன. பத்து நாளுக்கென்று தந்தது முப்பது குளிசை. அதில் இருபத்தொன்று கொடுத்தாயிற்று. நாளுக்கு மூன்று நேரமும் ஜெகதீஸ்வரிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொன்னையா வேப்பமரத்தடிக் கதிரையில் இருந்தபடி, "தண்ணியை வைச்சிட்டு நீ போ, நான் போடுறன்" என்பார். இந்தக் குளிசை போடுகிற நாளில் கள்ளுக் குடிக்கக் கூடாது என்று மகள் சொன்னபோதும் மறுபேச்சில்லாமல் ஓம் என்றவர். மடியில் எந்நேரமும் ஓர் எரியாத ரோச் லைட் கிடக்கும்.

பிறகு ஏன் மருந்து கேட்கவில்லை? ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற தர்மிளாதான் ஆசுபத்திரி வாங்குப் பலகையில் இருந்து அழுதபடி வாயை விட்டாள்.

"அது காத்து ஆகாத கிருமி அம்மா. காத்தில்லாத இடத்திலதான் மருந்தை நல்லா உள்ள இழுக்கும். ஒட்சிசன் பட்டா இழுக்கிறது குறைஞ்சிடும். ஆனா அது குழாயுக்குள்ள வைச்சுப் பாத்தது, மனுசருக்குள்ள..."

ஆனாவுக்குப் பிறகு சொன்னது எதுவும் ஜெகதீஸ்வரியின் காதில் ஏறவில்லை. ஏழு நாளும் வேப்பங்காற்றை இழுத்து இழுத்து விட்டாரே மனுசன்! பிரேதம் வீட்டுக்கு வருமுன்னரே வேம்பை அடியோடு தறித்துச் சரித்துவிட்டாள். மிச்சம் இருந்தவை கிருமிகள்.

வாய்க்கரிசி போடும் நேரம், தூளை அரிசியோடு குழைத்து முழுவதையும் அவர் வாயில் திணித்தாள். மூக்கில் இருந்த பஞ்சைப் பெருவிரலால் இறுக்கினாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

"இஞ்சருங்கோ, கொஞ்ச நேரத்துக்கு மூச்சு விடாதேங்கோ."

தர்மிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெட்டியை மூடுங்கோ. இடுக்கெல்லாம் மெழுகு ஊத்துங்கோ."

"எரிக்கப்போற பெட்டிக்கு என்னத்துக்கு மச்சாள் மெழுகு?" என்றார் பொன்னையாவின் தம்பி மயில்வாகனம்.

"நெருப்பில உடன செத்திடுவாங்கள் மச்சான். ஆறுதலாச் சாகவேணும்."

ஏழு மெழுகுதிரி உருகிற்று. பெட்டியைத் தூக்கியபோது உள்ளே கடமுடவென்று ஓர் இரைச்சல். காவியவர்கள் நாலு பேரும் கேட்டார்கள். ஒருவர் தோளைக் கழற்றிக்கொண்டு ஓடப் பார்த்தார். ஜெகதீஸ்வரி மட்டும் தலையாட்டினாள்.

"குளறுறாங்கள்."

இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் ஒரு வாய் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, படையலில் கள்ளுப் போத்தலுக்குப் பக்கத்தில் அவருடைய ரோச் லைட்டையும் வைக்க நினைத்தாள். எரியாததை வைக்க மனம் வரவில்லை. புதுப் பற்றறி போடுவதற்கு அடி மூடியைத் திருகினாள்.

உள்ளே இருபத்தொரு மஞ்சள் குளிசைகள் இருந்தன.