வலது கைப்பிடி

விபத்து நடந்ததிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். "நிதானம்" என்றே எல்லோரும் கூப்பிட்ட கேப்டன், அவளோடு ஒன்றாய்ப் பறக்கக் கற்றவன், விமானம் சாய்வதைக்கூடவா கவனிக்கவில்லை?

அதைச் சோதிக்கத்தான் விசாரணை அதிகாரி அவளை விமான அறை மாதிரியே செய்த சிமுலேட்டரில் உட்கார வைத்திருந்தார். என்ஜின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் கருவியின் மேல்தான் சந்தேகம். மேலேறும்போது அது இரண்டு என்ஜின்களின் லீவர் கைப்பிடிகளையும் பின்னுக்கு இழுக்கும். வலதுபக்கம் சிக்கிக்கொண்டால் இடதை மட்டும் இழுத்துக்கொண்டே போகும். ஒரு என்ஜின் முழு மூச்சில் ஓட, இன்னொன்று அடங்கிப்போகும்; விமானம் ஒரு பக்கமாய்ச் சாயும்.

"அந்தக் கோளாறு எப்போ வரும்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார் அதிகாரி.

"செத்தாலும் காபி உண்டுல்லக்கா?" என்றான் பக்கத்தில் இருந்த துணை விமானி. சிரித்தாள்.

மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. நான்காவது முறை, மேகத்துக்குள் ஏறும்போது, பின்னாலிருந்த அதிகாரி கட்டுப்பாட்டு அறையின் குரலில் ரேடியோ அலைவரிசையை மாற்றச் சொன்னார். துணை விமானி குனிந்து மாற்றினான். அவள் அடுத்து ஏற வேண்டிய உயரத்தைக் குமிழில் திருகி வைத்தாள். வெளியே ஒரே வெள்ளை. உடம்புக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது திரையில் அடிவானக் கோடு செங்குத்தாக நின்றது.

முதலில் சாய்வை நிமிர்த்த வேண்டும் என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அவளோ பதறிப்போய் விமானத்தின் மூக்கைத் தூக்கக் கட்டுக்கோலை இழுத்தாள். விமானம் இன்னும் புரண்டது. "அக்கா, லீவர்... லீவர்" என்றான் அவன். கை அங்கே போய்ச் சேருவதற்குள் விமானம் தரையில் மோதி, திரை உறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை" என்றாள் அவள்.

மறுபடி செய்தார்கள். இம்முறை தப்பித்தாள்.

"கையை லீவர்லயே வச்சிருந்தீங்களே, ஏன்?" என்றார் அதிகாரி.

"பயந்துட்டேன் சார். அதான்."

சிக்கிய கைப்பிடி, அது சிக்கியதைச் சொல்லாத இயந்திரம், பார்க்காத கண். காரணம் ஒன்றாக இருக்காது என்று அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து நிதானத்தின் மனைவிக்குப் போன் போட்டாள்.

"டிவில அவர் தூங்கிட்டார்னு சொல்றாங்க" என்றாள் அண்ணி.

"இல்லண்ணி. இன்னிக்கு நான் நல்லா முழிச்சுதான் இருந்தேன். வரப்போகுதுன்னும் தெரியும். அப்பவும் பார்க்கல."

அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பயந்திருப்பாரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமாண்ணி. ஆனா கொஞ்ச நேரந்தான்."

போனை வைத்த பிறகும் காரைக் கிளப்பக் கை வரவில்லை. துணை விமானியைக் கூப்பிட்டு, வீட்டில் விட்டுவிடச் சொன்னாள்.