அரை நிமிடப் பூட்டு

கீர்த்திகன் பயந்தாங்கொள்ளி என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். பத்து வருடமாகச் சிறிய, வேகமான ரேர்போ எஞ்சின் கார் ஒன்றுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். கொழும்புத்துறையில் சிமியோன் என்பவர் கனடா போகிற அவசரத்தில் அப்படியொன்றை, சிவப்பு நிறத்தில், விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவனுக்குச் சந்தோசத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஏமாற்றிவிடுவாரோ? வெள்ளத்தில் நின்ற காரோ? அதனால் றிம்ஸானையும் கூட்டிக்கொண்டு போனான். றிம்ஸான் ரவுணில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நண்பன். அவனுடைய காரும், திறப்பை, அதாவது சாவியை, பூட்டில் போடாமல் பொக்கற்றில் வைத்திருந்தாலே கதவு திறக்கிற சாதிதான்.

பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படிப் பார்க்கமாட்டார். றிம்ஸான் முதலில் எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றில் உள்ளங்கையை வைத்து, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்த்தான். பிறகு ஆசனப் பட்டியைக் கடைசி வரைக்கும் இழுத்துச் சேறு தேடினான். கம்பளத்தைக் கிளப்பி மூக்கை வைத்து மணந்தான்.

"எஞ்சின் திறம் மச்சான். வெள்ளமும் படேல்லை," என்றான்.

அப்போது அவர்களுக்குப் பின்னால் 'டிக்' என்றது. கார் தன்பாட்டில் பூட்டிக்கொண்டது. கீர்த்திகன் துள்ளிவிட்டான்.

"பயப்படாதையும் தம்பி," என்று சிமியோன் சிரித்தார். "நான் கொழும்பிலை போடுவிச்ச அலாரம். எஞ்சினை நிப்பாட்டிக் கதவுகளைச் சாத்தினா, அரை நிமிசத்திலை தானாப் பூட்டும். திறப்பு எப்பவும் என்ரை பொக்கற்றிலை இருக்கும், ஒரு கரைச்சலுமில்லை. ஆனா திறப்பு ஒண்டுதான். மற்றது குருநகர்க் கடலுக்குள்ளை விழுந்திட்டுது."

திரும்பி வரும் வழியில் றிம்ஸான் சொன்னான்: "முதல் வேலையா உந்த அலாரத்தைக் கழட்டு. திறப்பு எங்கை கிடக்குதெண்டு அதுக்குக் கவலையில்லை."

"கள்ளன் வந்தா? மதிலுக்கு வெளியிலை நிண்டே திறப்பின்ரை சிக்னலைப் பிடிச்சுக் காரைக் கொண்டு போறாங்களாம்."

"திறப்பைப் பால்மாத் தகரப் பேணிக்குள்ளை போட்டு மூடி வை. சிக்னல் வெளியிலை போகாது. நானும் அப்பிடித்தான் வைக்கிறனான்."

காரை வாங்கிய கீர்த்திகன் பேணியும் வைத்தான், அலாரத்தையும் கழற்றவில்லை. காவல் இரண்டென்றால் பயம் பாதியாகும் என்று நினைத்தான் அந்த மகா புத்திசாலி.

வெள்ளிக்கிழமை காரை ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி சாருஜா பட்டுச் சேலையில். ஒன்றரை வயது மகள் பின்னாசனத்தில் தலையணைகளுக்கு நடுவே நல்ல நித்திரையில். கீர்த்திகன் வேட்டி சால்வையோடு வெறும் மேலாக நின்றான். வேட்டிக்குப் பொக்கற் ஏது? ஐயர் சொன்னபடி எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, திறப்பைத் தேங்காய் வெற்றிலையோடு அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். ஐயர் அதை உள்ளே கொண்டுபோய்ச் சுவாமியின் காலடியில் வைத்தார். வெளியே வந்து காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்.

பழைய காரென்றால் திறப்பில்லாமல் அசைந்திருக்காது. யாராவது உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்திருப்பார்கள். இது ஏற்கனவே உறுமிக்கொண்டு நின்றதே. தேசிக்காய்கள் நசிந்தன, எல்லோருக்கும் திருப்தி, கார் புறப்பட்டுப் போய்விட்டது. இரண்டு மூன்று தரம் கீக் கீக் என்றது. ஸ்ரியரிங்குக்குப் பின்னாலுள்ள முகப்பில் யப்பான் எழுத்தில் சிவப்பாக ஏதோ வந்தது.

"பெல்ற்றைப் போடும், அதுக்குத்தான் கத்துது," என்றான். சாருஜா போட்டாள். சத்தமும் நின்றது.

வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகிற வீதியில் காரை நிறுத்தினான். கனடாவிலுள்ள அக்காவுக்கு மாலையோடு ஒரு படம் அனுப்பவேண்டும். பழக்கதோசத்தில் எஞ்சினையும் நிறுத்திவிட்டு இறங்கினான்.

"கதவைச் சாத்தும். ஏசிக் குளிர் போனாப் பிள்ளை எழும்பியிடும்."

சாருஜா பொனற்றருகே நின்றாள். ஒரு படம். மாலையைச் சரிசெய்து இன்னொரு படம். டிக்.

கீர்த்திகனின் கை இடுப்புக்குப் போனது. அங்கே வேட்டி மட்டும்தான் இருந்தது. அந்தக் கணத்தில் தட்டு, தேங்காய், சுவாமியின் காலடி எல்லாம் கண்ணுக்குள் வந்தன. நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தான். உச்சி வெயில். வீதியில் ஆள் நடமாட்டமில்லை. றிம்ஸானுக்குப் போன் அடித்து, ஒலிபெருக்கியில் போட்டான்.

"மச்சான், திறப்பு கோயிலுக்கை. பிள்ளை காருக்கை."

"கண்ணாடியை உடை."

"கோயில் மூண்டு மைல்தான். ஆரின்ரையாவது மோட்டச்சைக்கிள் வந்தா..."

"இந்த வெயிலுக்கை பத்து நிமிசம் போதுமடா, பிள்ளைக்கு ஏதும் நடக்க! உடை!"

பிள்ளை எழும்பிவிட்டாள். வாய் அகலத் திறந்து அழுவது தெரிந்தது. சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. தலைமயிர் வேர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. சாருஜா கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்து, "அம்மா இஞ்சை, அம்மா இஞ்சை" என்று கத்தினாள்.

கீர்த்திகன் தோட்ட வரம்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. சிவப்புச் சாயம் வெயிலில் பளபளத்தது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

"மச்சான், எந்தக் கண்ணாடி மலிவு?"

சாருஜா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த கல்லைப் பறித்துக்கொண்டு முன்பக்கம் போனாள். பிள்ளையிலிருந்து எட்ட இருந்த சாரதிப் பக்கக் கண்ணாடியில் அடித்தாள். மூன்றாவது அடியில் அது பொலபொலவென்று கொட்டியது. அலாரம் ஓலமிட்டது. கையை விட்டுக் கதவைத் திறந்து, கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால் ஏறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்தாள். பட்டுச் சேலையில் இரத்தம். பூவரசு நிழலில் குந்தியிருந்து பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்தாள், பருக்கினாள். பிள்ளை குடித்தது. பிறகு நன்றாகவே அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் கீர்த்திகனுக்கு மூச்சு வந்தது.

திறப்பைக் கண்டதும் பின்னாலேயே புறப்பட்ட ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சந்தனம் பூசிய திறப்பை வெற்றிலையில் வைத்து நீட்டினார்.

"சுவாமியின்ரை காலடியிலை விட்டிட்டு வந்திட்டியள் தம்பி."

சாருஜா காரில் ஏறவில்லை. அவ்வழியால் வந்த ஓட்டோவை மறித்துப் பிள்ளையோடு போய்விட்டாள். அவன் கண்ணாடித் துகள்களின்மேல் சால்வையை விரித்து, அதன்மேல் இருந்து தனியே ஓட்டிப்போனான்.

பின்னேரமே றிம்ஸான் அலாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். கீர்த்திகன் வீட்டுக்கு வந்து அறை வாசலில் நின்றான்.

"அலாரத்தைக் கழட்டியாச்சு. இனிப் பயமில்லை."

சாருஜா பிள்ளையைத் தட்டி நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள். கையில் துணிக் கட்டு. அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"றிம்ஸான் அண்ணை சொன்னவரோ, எந்தக் கண்ணாடி மலிவெண்டு?"

அவள் குரலில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் அவன் அவ்வளவு பயந்திருக்கமாட்டான்.