அசையாத முள்

முள் அசையவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி எடுப்பதற்கு முன்னால் தினமும் செய்கிற வேலை இது. காற்றுத் தொட்டிகளை நிரப்பி, எஞ்சினை அணைத்து, பிரேக் மிதியை முழுக்க அழுத்திக்கொண்டு ஒரு நிமிடம் காற்றழுத்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். முள் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, ஓடி ஓடித் தேய்ந்த வண்டி எதுவும் லேசாக மூச்சு விடத்தான் செய்யும். நிறைய இறங்கினால் எங்கோ ஓட்டை. முந்நூறு லாரிகள் ஓடுகிற கம்பெனியில் இதைச் சோம்பல் படாமல் செய்கிறவர்கள் குறைவு என்பதால் எனக்கு 'ஒரு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஒரு நிமிஷம் கிளம்பிட்டாரா?" என்று ஒருவர் கேட்பார், "எங்க, இன்னும் ஒரு நிமிஷம் ஆகும்" என்று இன்னொருவர் சொல்வார். ஒன்பது வருடமாக இதே ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள்.

நேற்று மாலை இதே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது முள் கண்ணெதிரே சரிந்தது. கடைசி அச்சில் காற்று கசிகிறது என்று புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன். காலையில் வந்து பார்த்தால் சரக்கு ஏற்றி, முத்திரை வைத்து, வாசலுக்குப் போகும் பாதையில் முதல் வண்டியாக நிறுத்தியிருக்கிறார்கள். 'பழுது நீக்கப்பட்டது' என்று பட்டறையின் கையெழுத்தும் இருக்கிறது. முள் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கிறது. இத்தனை வருடம் உழைத்த வண்டி ஒரே ராத்திரியில் இவ்வளவு யோக்கியமாகிவிடாது. இறங்கி, அட்டை ஒன்றை விரித்துப் போட்டு, அடியில் நுழைந்தேன்.

லாரி பிரேக்கைப் பற்றிப் பலரும் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்று வந்து வண்டியை நிறுத்துகிறது என்பது பாதிதான் உண்மை. பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் சட்டி மாதிரி ஒரு டப்பா இருக்கும், அதற்குள் என் தொடை அளவுக்கு ஒரு சுருள்வில். சும்மா விட்டால் அது விரிந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிடும். காற்றுதான் அதை அமுக்கி அடக்கி வைத்திருக்கிறது. ஓடும்போது காற்று மொத்தமாகப் போய்விட்டால் வில் விரிந்து வண்டி தானாக நின்றுவிடும். யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்த ஏற்பாடு. பழுதான வண்டியை நகர்த்த வேண்டுமென்றால் மட்டும், டப்பாவின் பின்னாலிருந்து ஒரு நீள போல்ட்டை விட்டு முறுக்கி, வில்லை அமுக்கிக் கட்டிவிடலாம். பட்டறை வரைக்கும் உருட்டிக்கொண்டு போகத்தான் அது.

கடைசி அச்சின் இரண்டு பக்கமும் அந்த போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே போகும் காற்றுக் குழாய்களை மடக்கிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். காற்றே போகாத இடத்தில் கசிவு எப்படி வரும், பிரேக்தான் எப்படிப் பிடிக்கும்? முள் அசையாததன் ரகசியம் அவ்வளவுதான். என் ஒரு நிமிடத்தை ஏமாற்றுவதற்கென்றே செய்த வேலை.

வெளியே வந்தபோது மச்சான் நின்றுகொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன். வண்டிகளை அனுப்பும் மேசை அவருடையது, எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பின்னால் ஐந்து வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ள, அடியில படுத்துத் தூங்கிட்டீங்களா?"

"போல்ட்ட போட்டு வில்லக் கட்டியிருக்காங்க மச்சான். ரெண்டு பக்கமும்."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "புது டப்பா நாளைக்கு வந்துடும். மத்த சக்கரம் பிடிக்கும்ல?"

"சமதரையில பிடிக்கும்."

நான் போகும் வழியில் ஒன்பது கிலோமீட்டர் இறக்கம் இருக்கிறது. இருபத்தாறு டன் சுமை. கடைசி அச்சு தாங்க வேண்டியதையும் மற்ற சக்கரங்களே தாங்கினால் அவை கொதிக்கும். கொதித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம் விரியும், பிரேக் கட்டை அதை எட்டிப் பிடிப்பது குறையும், மிதி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நிற்பவர்களின் முகம்கூட எனக்குப் பழக்கம்.

மச்சான் கையிலிருந்த பெயர்ப்பட்டியல் அட்டையைத் தட்டினார். என் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடுகள். "வண்டி எடுக்கமாட்டேன்னு சொன்னா இது மூணாவது. மூணாவதோட கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. அப்புறம் நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது. தங்கச்சிகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

காலையில் அவள் சொன்னதும் நினைவிருந்தது. "அண்ணன் மானத்த வாங்கிடாதீங்க. போன வேல போனப்ப எட்டு மாசம் வீட்ல உக்காந்திருந்தீங்க." உட்கார்ந்திருந்தது உண்மை. அந்த எட்டு மாதத்தில் வீட்டிலிருந்த மிக்சியை நான்கு முறை பிரித்துப் பூட்டினேன். நான்காவது முறை அவள் அழுதாள்.

"பிரேக் இல்லாத வண்டியக் குடுத்தேன், ஓட்டமாட்டேன்னுட்டாருன்னு சொல்லுங்க."

"சரி. நீங்க ஒதுங்கிக்கங்க. பாட்டுக்காரர் எடுத்துட்டுப் போவாரு."

பாட்டுக்காரர் எனக்கு அடுத்த வண்டிக்காரர். ஓட்டும்போதும் சாப்பிடும்போதும் பாடிக்கொண்டே இருப்பார். பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் பெயருக்கு நேரேயும் இரண்டு கோடுகள் உண்டு. சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

மறுப்பதோடு என் வேலை முடிந்துவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஒதுங்கிக்கொண்டால் என் உயிர் தப்பும், வண்டி எப்படியும் அந்த இறக்கத்துக்குப் போய்விடும்.

பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் அட்டையில் படுத்தேன்.

"மாப்ள, என்ன பண்றீங்க? வாசல் மாப்ள இது! பின்னாடி வண்டி நிக்குது!"

"ஒரு நிமிஷம் மச்சான்."

உண்மையில் நான்கு நிமிடம் ஆனது. போல்ட்டின் நட்டைத் தளர்த்தத் தளர்த்த உள்ளே வில் மெதுவாக விரிவது ஸ்பேனர் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். பிரேக் கட்டை டிரம்மில் போய் அமர்ந்தது. குழாய் மடங்கிக் கிடப்பதால் வில்லை மறுபடி அடக்கக் காற்று வரவும் வழியில்லை. இனி இந்த வண்டியை இழுத்தால் டயர்தான் கருகும். அந்த வில் செய்யப் பிறந்ததைச் செய்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு இருபத்தாறு டன்னும் அசையாமல் நின்றது.

கிரீஸ் கையோடு எழுந்து, இரண்டு போல்ட்டுகளையும் மச்சானின் அட்டை மேல் வைத்தேன். கனம் தாங்காமல் அட்டை சாய்ந்தது.

"கோடு போட்டுக்கங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். போடவில்லை, மூடவும் இல்லை. பின்னால் ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாட்டுக்காரரைக் காணோம். அவர் லாரியின் கடைசிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து இரண்டு செருப்புகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கும் பின்னால், மூன்றாவது வண்டிக்காரர் படுப்பதற்கு ஓர் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.