வாயாடியின் தாடையில் ஒரு திருகு

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது கணவர்தான். மரம் அறுக்கும் இயந்திரங்களுக்கு நடுவே தச்சு வேலை பார்த்துப் பார்த்தே காது போன மனிதர். பிறகு அவள் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டார். அவர்கள் வீட்டில் சண்டைகூட வெளிச்சத்தில்தான் நடக்கும். விளக்கை அணைத்தால் சமாதானம்.

கடைவாய்ப் பற்களைச் சொத்தைக்குப் பறிகொடுத்த பின், அவளுடைய மேல் முன்பற்கள் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. உதடுகள் ஒட்டவில்லை. ‘ப’வையும் ‘ம’வையும் பல்லில் உதட்டை முட்டவைத்துச் சமாளித்தாள். காதுள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை; அவர் கண்ணுக்கு எல்லாமே ‘வ’வாகத் தெரிந்தது.

ஒருநாள், “அண்ணன் படுத்துட்டாரு” என்று பதறிக்கொண்டு சொன்னாள். “வந்துட்டாரா!” என்று சிரித்த முகமாகப் போய் வாசல் கதவைத் திறந்தார் அவர். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

அண்ணன் தேறி எழுந்ததும் பல் மருத்துவரிடம் போனாள். கணவரும் கூட வந்தார்.

“முன்பல்லை உள்ள இழுக்கணும்னா பின்னால பிடிமானம் வேணும். உங்களுக்கு அங்க பல்லே இல்ல” என்றார் மருத்துவர், கணவருக்கும் உதடு தெரியட்டும் என்று முகமூடியைக் கீழே இறக்கி. “ரெண்டு பக்கமும் எலும்புல டைட்டானியம் திருகு வைப்போம். எலும்பு அதை நல்லாப் பிடிச்சுக்கட்டும். அப்புறம் அதுல இருந்து இழுக்கலாம்.”

கணவர் தலையை ஆட்டி மறுத்தார். “மரத்துல திருகை ஒரே பக்கமா இழுத்துக்கிட்டே இருந்தா ஓட்டை பெருசாயிடும் டாக்டர். எத்தனை பாத்திருக்கேன்!”

மருத்துவர் அவர் முகத்துக்கு நேரே திரும்பினார். “மரம் செத்தது. எலும்புக்கு உயிர் இருக்கு. அளவா இழுத்தா இடத்தை விடாது, இன்னும் கெட்டியாகும். அளவு மீறினாத்தான் ஆபத்து.”

இடது பக்கம் சொன்னபடி கேட்டது. வலது பக்கத் திருகு, எலும்போடு ஒட்டாமல் ஆடியது. எடுத்துவிட்டு, புண் ஆறி எலும்பு நிரம்பும்வரை காத்திருந்து, மறுபடி வைக்க வேண்டும் என்றார்கள். வீங்கிய கன்னத்தோடு அவள் வீடு திரும்பினாள்.

“வேணாம்டி, எனக்காக ஏன் இந்தப் பாடு? நான் பழகிக்கிறேன்” என்றார் கணவர்.

“நீங்க பழகிக்குவீங்க. நான் ஊமையா இருந்து பழகணுமா?” வலியோடு வலியாக ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி அழுத்திச் சொன்னாள். அது அவருக்கு முழுசாகப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

இரண்டாவது முறை வலது பக்கமும் பிடித்துக்கொண்டது. கம்பி கட்டினார்கள். மாதங்கள் போயின. பழைய எக்ஸ்ரேவையும் புதியதையும் மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்பற்கள் உள்ளே வந்திருந்தன. திருகுகள் நகரவே இல்லை. அவற்றின் மரைகளைச் சுற்றி எலும்பு முன்பைவிட வெளுப்பாக, அடர்த்தியாகத் தெரிந்தது. தச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

“விட்டுக்கொடுக்கலயே” என்றார், யாரிடமென்றில்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, “யாரு பிடிவாதம் பிடிச்ச மனுஷன்?” என்று கேட்டார் அவர்.

அவள் கையிலிருந்த சட்டை நழுவியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்றிலிருந்து அவரைத் திட்ட நினைத்தால், முதுகைக் காட்டி நின்றுகொள்கிறாள்.