பாதி முறை

பாக்கியசீலன் பங்குக் கிணற்றடிக்கு வந்தபோது மோட்டார் ரூம் திறந்து கிடந்தது. உள்ளே மோட்டாரின் பீஸ் கட்டை இல்லை. மனைவி லில்லியின் அண்ணன் ரிச்சர்ட் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு என் முறை, மச்சான்.”

“உம்ம முறைதான், யாரு இல்லேன்னா? லில்லி செத்த அன்னைக்கு என் முறை. துக்க மணி அடிச்சதும் பாதியில நிறுத்துனேன். அந்தப் பாதிய இன்னைக்கு எடுக்கேன், மாப்ள.”

நாற்பது நாளாக அவன் கேட்கவில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. ஊரில் யாராவது இறந்து கிறிஸ்தவக் கோயிலில் துக்க மணி அடித்தால் அடக்கம் முடியும்வரை எந்த மோட்டாரும் ஓடாது. விட்ட தண்ணீரை விட்டவன் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர். கிணற்றில் கிடப்பது இரண்டு மணி நேரத் தண்ணீர். திரும்ப ஊற மூன்று நாள் ஆகும். லில்லி கடைசியாக நட்ட மிளகாய் பூவும் பிஞ்சுமாக வாடி நின்றது. இன்று நனையாவிட்டால் அவ்வளவும் உதிர்ந்துவிடும்.

“கோயில் உபதேசியாருக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டான் பாக்கியசீலன்.

“நேத்தே பேச்சு நின்னுட்டு. இழுத்துக்கிட்டு கெடக்காரு. ரெண்டு மணி நேரம் தாங்கணும்னு ஜெபம் பண்ணும்வே. பி.எஸ்ஸி. படிச்சவன் ஜெபம் சீக்கிரம் கேக்கும்லா.”

பாக்கியசீலன் சிரிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. ரிச்சர்ட் கட்டையைச் சொருகினான். பாக்கியசீலனே மண்வெட்டியை எடுத்து ரிச்சர்டின் பருத்திக்கு வாய்க்காலை வெட்டிவிட்டான். ஒவ்வொரு பாத்தி நிறையும்போதும் காது கோயில் பக்கம் போனது.

ஏழு மணிக்கு ரிச்சர்ட் மடையை மாற்றினான். “என் பாதி முடிஞ்சிட்டு. ஓடும்!”

காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்தது. எட்டுப் பாத்தி. முதலாவது நிறைந்தது. இரண்டாவது பாதி நனைந்தபோது மணி அடித்தது. ஒன்று. வெகுநேரம் விட்டு இன்னொன்று.

“பள்ளிக்கூட மணி,” என்றான் ரிச்சர்ட்.

“ஏழேகால்தான் ஆகுது, மச்சான்.”

“மோட்டார் சத்தத்துல எவனுக்குவே கேக்குது? பைய பாய்ச்சும்.”

லில்லியைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்த மத்தியானம் இந்த வழியில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. அந்த நாளில் அவனுக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான்.

பாக்கியசீலன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்க் கட்டையைப் பிடுங்கினான். வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது.

கட்டையை நீட்டினான். ரிச்சர்ட் வாங்கவில்லை.

“நீரே வச்சுக்கிடும். ஆறரைப் பாத்தி. என் அடுத்த முறையில வந்து கேளும், மாப்ள. கேக்காம இருந்துடாதயும்.”