லாங் பஜார் சுவரில் ஒரு ஓட்டை

கோபியின் இடது கை மானிட்டருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சைரா அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மிச்ச கோபி, விளையாட்டுக்குள் இருந்த லாங் பஜாரில், ஒரு மண்டிச் சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் உள்ளே விழுந்த ஓட்டை கையளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆம்பூரில், ஷூ கம்பெனி மாடியில் வீடியோ கேம்களைச் சோதிக்கும் அந்த ஆபீஸில் யாரும் அலறவில்லை. தள்ளுவண்டியோடு மோதினால் அந்தச் சுவர் ஆளை விழுங்குகிறது என்று சைராவும் கோபியும் மாசக்கணக்காக எழுதி அனுப்பியதுதான். சோதிக்கிறவர்கள் தப்பைச் சொல்லலாம். எதைத் திருத்துவது என்பதை வெளியீட்டுத் தேதி முடிவு செய்யும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடையும். போன தடவை ஆட்டோ ஹாரனைச் சரிசெய்ததில் பஜார் மாடுகளெல்லாம் பறக்க ஆரம்பித்தன. கேம் அன்று சாயங்காலம் வெளியாகிறது.

"பேட்ச் போடச் சொல்லிட்டேம்மா, ஏன் பேஜார் பண்றே?" என்றார் முதலாளி வாஹித் பாஷா. தோல் வியாபாரத்திலிருந்து வந்தவர். அவருக்குத் தெரிந்த பேட்ச், ஓட்டை மேல் ஒட்டும் தோல் துண்டு. போனில் மட்டுமே பேசும் புரோகிராமர் மோகனாவிடம் அதையே சொல்லியிருந்தார்: மூடிவிடு.

"மூடுனா கோபி உள்ளயே போய்டுவான் பாய்."

"ஓட்டையோட சரக்கு போனா ரிட்டர்ன் வரும்."

"லேஸ் கோக்க நீங்க விடுற ஓட்டையெல்லாம் ரிட்டர்னா வருது?"

பாஷா காலில் இருந்த ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேம் ஓட்டையோடு வெளியானது. பெரிதாக்கினால் பஜாரே சரிந்துவிடும் என்று மோகனா சொல்லிவிட்டதால், மழைக்காலம் முழுக்கக் கோபியின் கை மட்டும் வெளியே வந்து போனது. சம்பளப் பட்டியலில் விரலால் கையெழுத்துப் போட்டது. கலவை, பள்ளிகொண்டா ஊர்களில் விளையாடிய பிள்ளைகள், தங்கள் திரையிலும் நீண்ட அதற்குப் போகிற போக்கில் கை கொடுத்தார்கள்.

டீ நேரத்தில் அந்தக் கை எப்போதும் இரண்டு டீ என்று இரண்டு விரலைக் காட்டும். ஒருநாள் சைரா போனில் மோகனாவிடமே கேட்டாள்.

"இன்னொரு டீ யாருக்குக்கா?"

"எனக்குத்தான். போன கேம்ல நான் உள்ள இருக்கும்போதே சுவரை மூடிட்டாங்க. அதே சுவரைத்தான் இதுலயும் வெச்சாங்க. ஓட்டையை நான்தான் தோண்டினேன்."

சைரா இரண்டாவது டம்ளரை ஆற்றிக்கொண்டே, சர்க்கரை கம்மியா ஜாஸ்தியா என்று கேட்டாள்.